ஸ்ட்ராபெர்ரிக் கூடைக்குள் ஒரு காதல் கடிதம்

1682 செப்டம்பரில் ‘லண்டன் கெஜட்’ இதழைப் புரட்டியவர்களுக்கு எப்பேர்ப்பட்ட விளம்பரம் காத்திருந்தது தெரியுமா? பார்க்லி பிரபுவின் மகள் ஹென்றியட்டா ஆகஸ்ட் 20 முதல் வீட்டில் இல்லையாம். எங்கே போனாள் என்று தெரியவில்லையாம். கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு 200 பவுன் பரிசாம்! பெண்ணின் நிறம், முடி, உயரம், உடல்வாகு எல்லாமே அடையாளக் குறிப்பாக அச்சேறியிருந்தன. ஒரு கோமகன் வீட்டுப் பெண்ணின் மார்பழகுவரை அரசாங்கப் பத்திரிகையில் வந்தால் ஊர் சும்மா இருக்குமா? லண்டன் காபிக் கடைகளுக்குப் பல நாள் பேச்சுக்கு அது ஒன்றே போதும்.

அந்த விளம்பரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தால் நேராக ஓர் ஆங்கில நாவலின் பின்கட்டுக்குப் போய்ச் சேரலாம். நாவலின் பெயர் ‘ஒரு பிரபுவுக்கும் அவர் சகோதரிக்கும் இடையிலான காதல் கடிதங்கள்’. எழுதியவர் ஆஃப்ரா பென். முதல் பாகம் வெளிவந்த ஆண்டு 1684. ‘ராபின்சன் குரூசோ’ வருவதற்கு இன்னும் 35 ஆண்டுகள் இருந்தன. கடிதங்களாலேயே கதை சொல்லிப் பெரும்புகழ் பெற்ற ரிச்சர்ட்சனின் ‘பமீலா’வோ அரை நூற்றாண்டுக்கும் அப்பால், 1740இல்தான் வந்தது. அதற்கெல்லாம் முன்பே, எழுத்தை நம்பிப் பிழைத்த ஒரு பெண், காதல் வெறி எப்படிப் பற்றுகிறது, எப்படி எரிகிறது, எப்படி அணைகிறது என்பதை மூன்று பாகங்களில் எழுதி முடித்துவிட்டார். வாருங்கள், எட்டிப் பார்ப்போம். உள்ளே அவ்வளவு இருக்கிறது!

முதலில் நிஜக் கதை. ஃபோர்ட் கிரே என்ற இளம் பிரபு, வயது 27. அவர் மனைவி மேரி, பார்க்லி பிரபுவின் மகள். மேரியின் தங்கைதான் ஹென்றியட்டா. அக்காள் கணவருக்கும் கொழுந்தியாளுக்கும் காதல்! நம் பக்கத்தில் இதைக் கேட்டால் வீட்டில் சண்டை வரும், பஞ்சாயத்து நடக்கும், சில குடும்பங்களில் அவளையே இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்து முடித்தும்விடுவார்கள். அன்றைய இங்கிலாந்தில் நிலைமை வேறு. கல்யாணம் ஆனதும் மனைவியின் தங்கை உடன்பிறந்த தங்கைக்குச் சமம் என்பது திருச்சபையின் விதி. அவளைத் தொடுவது இரத்த உறவைத் தொடும் பாவம். மனைவி இறந்தபிறகு அவள் தங்கையை மணப்பதற்கே அங்கே 1907இல்தான் சட்டம் வழிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாவலின் தலைப்பில் ‘சகோதரி’ என்று போட்டதும் லண்டன் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டது என்பது இதிலிருந்து விளங்கும்.

எப்சம் அருகே டர்டன்ஸ் என்ற தந்தையின் மாளிகையிலிருந்து ஹென்றியட்டா இரவோடிரவாக வெளியேறினாள். கிரேமீதான வழக்கு 1682 நவம்பர் 23 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணைக்கு வந்தது. நான் இந்த விசாரணைப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் நாடகம் எங்கே முடிகிறது, நீதிமன்றம் எங்கே தொடங்குகிறது என்றே புரிவதில்லை. ஹென்றியட்டாவின் அறையை ஒட்டிய சிற்றறையில் கிரே நாள்கணக்கில் ஒளிந்திருந்தார், பசிக்கு இனிப்புப் பண்டம் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை என்று சாட்சி வந்தது! தாய் கூண்டில் நின்று கலங்கினார். இன்னொரு மகள் அரபெல்லா, தங்கை எழுதிக்கொண்டிருந்த ஒரு கடிதம் பிடிபட்ட கதையைச் சொன்னாள். நேற்றிரவு நாம் சேர்ந்திருந்தது அக்காளுக்குத் தெரியவில்லை, மறுபடியும் வா என்ற பொருளில் இருந்தது அந்தக் கடிதம். பாருங்கள், நாவல் பிறப்பதற்கு முன்பே, நிஜ வழக்கின் முடிச்சிலேயே ஒரு காதல் கடிதம் உட்கார்ந்திருக்கிறது!

இத்தனைக்கும் நடுவில் ஹென்றியட்டாவே நீதிமன்றத்துக்கு வந்தாள். “எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இவர்தான் கணவர்” என்று டர்னர் என்பவரைக் காட்டினாள். டர்னர் கிரேயின் ஆள். பெண் சட்டப்படி கணவன் பொறுப்பில் இருக்கிறாள் என்று ஆகிவிட்டால் அப்பா கூட்டிக்கொண்டு போக முடியாதே! அதற்காகச் செய்த ஏற்பாடு இது. நடுவர்கள் கிரே குற்றவாளி என்றார்கள். வெளியே வந்ததும் பார்க்லி பிரபு மகளைப் பிடித்து இழுக்க, மண்டபத்திலேயே வாள்கள் உருவப்பட்டன. தலைமை நீதிபதி பெம்பர்டன் தலையிட்டு அடக்கவேண்டியிருந்தது. கிரேக்குத் தண்டனை கடைசிவரை விதிக்கப்படவே இல்லை.

சரி, இந்த நேரத்தில் ஆஃப்ரா பென் என்ன செய்துகொண்டிருந்தார்? ஹென்றியட்டா வீட்டைவிட்டு ஓடிய அதே 1682 ஆகஸ்டில், பென்னைக் கைதுசெய்ய உத்தரவு பிறந்திருந்தது! ஒரு நாடகத்தின் முடிவுரைக் கவிதையில் மன்மத் கோமகனை, அதாவது அரசர் இரண்டாம் சார்லசுக்கு முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த மகனை, அவர் தாக்கிவிட்டார். அப்பாவுக்கு எதிராகக் கிளம்பிய பிள்ளைதான் மன்மத். ஆனாலும் அப்பாவுக்குச் செல்லப்பிள்ளை. பென் அரசரின் கட்சி. அரசருக்காகப் பேசப்போய் அரசரின் கோபத்தையே வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த வரிகளை மேடையில் பேசிய நடிகைக்கும் சேர்த்தே உத்தரவு வந்தது.

அந்த ஆண்டு அவருக்கு அடிமேல் அடி. லண்டனில் இருந்த இரண்டு நாடகக் குழுக்களும் 1682இல் ஒன்றாகிவிட்டன. போட்டி இல்லாத இடத்தில் புதுநாடகம் யாருக்கு வேண்டும்? பழைய நாடகங்களையே திருப்பித் திருப்பிப் போட்டார்கள். அந்தக் காலத்தில் நாடகாசிரியருக்கு மூன்றாம் நாள் வசூல்தான் கூலி. நாடகம் மூன்றாம் நாள்வரை நின்றால் சாப்பாடு, நிற்காவிட்டால் பட்டினி. 1670இல் ‘கட்டாயக் கல்யாணம்’ என்ற நாடகத்தோடு மேடையேறி, 1677இல் ‘நாடோடி’யில் ஊரையே சிரிக்கவைத்த பெண்ணுக்குத் திடீரென்று மேடை சுருங்கிவிட்டது. கையில் இருந்தது பேனா. தெருவில் கிடந்தது ஒரு பிரபு வீட்டு ரகசியம். அந்தப் பிரபு கிரேயோ, பென்னைக் கைதுக்குத் தள்ளிய மன்மத்தின் நெருங்கிய கூட்டாளி! எழுதாமல் விடுவாரா?

கடிதம் என்ற வடிவத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று தேடினால் இன்னொரு கதவு திறக்கிறது. 1669இல் பிரான்சில் ‘போர்த்துக்கேயக் கடிதங்கள்’ என்ற சிறுநூல் வந்தது. கைவிட்டுப் போன வீரனுக்கு ஒரு கன்னிகாஸ்திரி எழுதும் ஐந்து கடிதங்கள். ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச் அதை 1678இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். காதலில் வேகும் பெண்ணின் குரல், இடையில் யாருடைய விளக்கமும் இல்லாமல், நேராகத் தாளில் இறங்கும் விதம் ஐரோப்பாவையே கிறங்கடித்தது. ஆனால் அந்தக் கடிதங்களுக்குப் பதில் கிடையாது. ஒரு கைதான் எழுதுகிறது. பென் இன்னொரு கையையும் சேர்த்தார். அவன் எழுதுவான், அவள் எழுதுவாள், இருவருக்கும் இடையில் தோழி எழுதுவாள், எதிரி எழுதுவான்.

இன்னொரு பழக்கமும் அவருக்குக் கைகொடுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் ஓர் ஒற்றர்! 1666இல் டச்சுக்காரர்களோடு போர் நடந்தபோது சார்லஸ் அரசாங்கம் அவரை ஆண்ட்வெர்ப்புக்கு அனுப்பியது. வில்லியம் ஸ்காட் என்பவனைப் பேசித் தம்பக்கம் இழுப்பது வேலை. சார்லசின் தந்தையைக் கொல்லத் தீர்ப்பெழுதியவர்களில் ஒருவரின் மகன் அவன். பென்னின் ரகசியப் பெயர் ‘அஸ்ட்ரியா’, எண் 160. ஸ்காட்டின் பெயர் ‘செலடன்’. இரண்டுமே ஒரு புகழ்பெற்ற பிரெஞ்சுக் காதல் கதையின் நாயகி, நாயகன் பெயர்கள்! நாடகக்காரியாவதற்கு முன்பே சங்கேத எழுத்தில் கடிதம் எழுதி, பொய்ப்பெயரில் கையெழுத்திட்டு, எதிரில் இருப்பவன் எழுதுவது நிஜமா நடிப்பா என்று வரிக்கு வரி சந்தேகப்பட்டுப் படித்தவர் அவர். அரசாங்கம் சம்பளம் தரவில்லை. கடன் வாங்கித்தான் ஊர் திரும்பினார். சிறைக்குப் போகும் நிலைமைவரை வந்து மனுமேல் மனுவாக எழுதினார். காதல் கடிதத்தையும் வேவுக் கடிதத்தையும் எழுதிப் பழகிய கை ஒன்றேதான்.

இனி நாவலுக்குள் நுழைவோம். கதை பிரான்சில் நடப்பதாக எழுதியிருக்கிறார். பாரிசுக்குப் போனபோது ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது, அதை மொழிபெயர்த்தேன் என்று முன்னுரையில் சொல்கிறார். காதலர்கள் வாழ்ந்த வீட்டின் பேழைகளில் கிடைத்த கடிதங்கள் இவை என்றும் ஒரு குறிப்பு உண்டு. முதல் பாகத்தில் ஆசிரியர் பெயரே இல்லை! கிரே ‘ஃபிலாண்டர்’ ஆனார். ஹென்றியட்டா ‘சில்வியா’. மேரி ‘மெர்ட்டில்லா’. மன்மத் ‘சிசாரியோ’. பொய்க்கணவர் டர்னர் ‘பிரில்யார்ட்’. நம் அகத்திணை மரபில் காதலர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் அது அகமாகாது. பென்னும் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு லண்டன்வாசிக்கும் யார் யார் என்று தெரியும். மூடுவதுபோல் மூடிக் காட்டும் இந்தக் கிசுகிசுக் கலையில் அந்த அம்மாள் ராணி!

ஆனால் கிசுகிசு நாலு நாளில் பழசாகிவிடும். இந்தப் புத்தகமோ அடுத்த நூற்றாண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப அச்சேறியது. காரணம் முதல் பாகத்தின் சூடு. காதலில் இருக்கும் மனம் எழுதும்போது என்ன செய்கிறது என்பதை அவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்த்தவர் ஆங்கில உரைநடையில் அவருக்கு முன் இல்லை என்பேன். சில்வியா ‘வராதே’ என்று எழுதத் தொடங்குவாள். பாதியில் ‘வந்தால் என்ன’ என்று மனம் நழுவும். கடிதத்தை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேருமுன்பே அடுத்ததை எழுதுவாள். ஃபிலாண்டரின் கடிதம் ஸ்ட்ராபெர்ரிக் கூடைக்குள் ஒளிந்து வீட்டுக்குள் வரும்! பழத்தை யார் முதலில் எடுப்பார்களோ என்று வாசகருக்கே நெஞ்சு படபடக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா உள்ளே வந்துவிட்டால், பணிப்பெண் மெலிண்டாவின் காதலனுக்காக அவள் சார்பில் எழுதுகிறேன் என்று சில்வியா சமாளிப்பாள். மை, தாள், முத்திரை மெழுகு, கூடை, பணிப்பெண்ணின் முந்தானை என்று ஒவ்வொரு பொருளும் காதலுக்குக் கூட்டுச் சதி செய்கிறது.

ஃபிலாண்டர் பேசும் வாதங்களைக் கவனியுங்கள். மெர்ட்டில்லா தனக்கு உண்மையாக இல்லை, அவள் மனம் சிசாரியோவிடம் போயிற்று, ஆகவே தாலிகட்டிய வாக்கு என்னைக் கட்டாது என்கிறான். அக்கா தங்கை உறவெல்லாம் மனிதர் போட்ட வேலி, காதல் அதற்கு முந்தையது என்கிறான். கேட்கக் கேட்க இனிக்கிறது. அதே வாயால் அரசருக்குக் கொடுத்த வாக்கும் தன்னைக் கட்டாது என்று கலகத்துக்கும் கிளம்புகிறான்! மனைவியிடம் வாக்குத் தவறுகிறவன் அரசனிடமும் தவறுவான் என்பது பென்னின் அரசியல். கட்சிக்காரராக அவர் ஃபிலாண்டரைத் தூக்கிலிட வேண்டும். எழுத்தாளராக அவனுக்கு அவ்வளவு அழகான மொழியைக் கொடுத்துவிட்டார். இந்த இழுபறிதான் முதல் பாகத்தின் உயிர். வெறும் பிரசாரம் எழுதியிருந்தால் இன்றைக்கு யார் படிப்பார்கள்?

முதல் இரவுச் சந்திப்பைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இத்தனை கடிதம், இத்தனை ஏக்கம், இத்தனை சதிக்குப் பிறகு ஃபிலாண்டர் சில்வியாவின் அறைக்குள் நுழைகிறான். அந்த நேரம் பார்த்து அவன் உடல் ஒத்துழைக்கவில்லை! ஆசையின் உச்சத்தில் ஆண்மை கைவிட்டுவிடுகிறது. வெளியே சத்தம் கேட்க, மெலிண்டாவின் இரவு உடையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடுகிறான். தோட்டத்தில் காத்திருப்பவரோ சில்வியாவின் அப்பா. அவருக்கு மெலிண்டாமேல் ஒரு கண்! இருட்டில் இவனையே மெலிண்டா என்று நினைத்துக் கொஞ்சுகிறார். இதை முழுக்க ஃபிலாண்டரே அடுத்த நாள் கடிதத்தில் எழுதுகிறான்.

மேடை நாடகக்காரியின் கைவண்ணம் இங்கே பளிச்சென்று தெரிகிறது. இருட்டு, மாற்றுடை, தவறான ஆள், தோட்டக் கதவு எல்லாம் அவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மேடையில் பழகியவை. ஆனால் அந்தத் தோல்வி மேடையிலிருந்து வந்ததல்ல. 1680இல் ரோச்செஸ்டர் பிரபுவின் கவிதைத் தொகுப்பில் ‘ஏமாற்றம்’ என்றொரு கவிதை வந்தது. அது ரோச்செஸ்டர் எழுதியதே அல்ல, பென் எழுதியது! பிரெஞ்சு மூலமொன்றைத் தழுவியது. இந்த வகைக் கவிதைகள் அந்நாளில் பல இருந்தன, எல்லாம் ஆணின் புலம்பல்கள். பென் கவிதையை முடிக்கும்போது அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். அவள் ஆசை, அவள் அதிர்ச்சி, அவள் வெட்கம், அவள் கோபம். காதலில் பெண்ணுக்கும் உடம்பு இருக்கிறது, அதற்கும் எதிர்பார்ப்பு இருக்கிறது என்பதை 17ஆம் நூற்றாண்டில் இவ்வளவு தெளிவாகச் சொல்ல எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம் வேண்டும்! நாவலிலும் சில்வியா பழி ஏற்கும் பதுமையல்ல. அவள் விரும்புகிறாள், விரும்புவதைத் தன் கையாலேயே எழுதுகிறாள்.

அடுத்த சந்திப்பில் எல்லாம் கூடிவருகிறது. அதன் பிறகு அவள் எழுதும் கடிதத்தைத்தான் நான் நாவலின் உச்சம் என்பேன். மகிழ்ச்சியோடு கூடவே ஒரு நடுக்கம். இனி நீ முன்போல் எழுதுவாயா என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது. பாகத்தின் முடிவில் இருவரும் ஹாலந்துக்கு ஓடிவிடுகிறார்கள். உடன்போக்கு முடிந்தது. வேறொரு எழுத்தாளராக இருந்தால் ‘சுபம்’ போட்டிருப்பார், அல்லது பாவத்தின் சம்பளம் என்று இருவரையும் கொன்றிருப்பார்.

பென் இரண்டும் செய்யவில்லை. 1685இல் இரண்டாம் பாகத்தோடு வந்தார். இந்தப் பாகத்தில் கடிதங்களுக்கு நடுவே கதை சொல்லும் குரல் ஒன்று நுழைந்துவிடுகிறது. முதல் பாகத்தில் நாம் காதலர்கள் சொன்னதை மட்டும் கேட்டோம், நம்பினோம். இப்போது அவர்கள் எழுதுவதும் செய்வதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. காதல் கடிதம் எழுதிய கையோடு அவர்கள் வேறொரு காரியம் செய்வதை நாமே பார்க்கிறோம். ஃபிலாண்டர் கொலோன் நகரம் போகிறான். அங்கே கலிஸ்டா என்ற இன்னொருவரின் மனைவியிடம் மயங்குகிறான். சில்வியாவுக்கு அவன் எழுதும் கடிதங்கள் மரியாதையாக இருக்கின்றன. மரியாதையாக! அந்த ஒன்றிலேயே சில்வியாவுக்கு எல்லாம் புரிந்துபோகிறது. பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். ஒரு வாக்கியத்தின் சூடு குறைந்ததை வைத்தே துரோகத்தைக் கண்டுபிடிக்கும் இந்தக் காட்சிக்கு ஈடாக அந்தக் காலத்து உரைநடையில் வேறொன்றை நான் படித்ததில்லை. ஒற்றராக இருந்தவருக்குத்தான் இப்படிப் படிக்கத் தெரியும்.

அதற்குள் ஒக்டேவியோ என்ற டச்சுக் கனவான் சில்வியாவிடம் உயிரை வைத்துவிட்டான். அவளை முதலில் அவன் பார்த்தது ஆண் வேடத்தில்! மேடையில் நடிகைகள் கால்சட்டை போட்டு வரும் காட்சிக்கு அன்று கூட்டம் அலைமோதும். அந்த மந்திரத்தைப் பென் நாவலுக்குக் கொண்டுவந்துவிட்டார். இந்த ஒக்டேவியோ வேறு யாருமல்ல, கலிஸ்டாவின் உடன்பிறந்தவன்! பொய்க்கணவன் பிரில்யார்டுக்கும் சில்வியாமேல் தீராத ஆசை. அவன் ஒக்டேவியோவைப்போல் வேடமிட்டு இருட்டில் வருகிறான். சில்வியாவோ ஒக்டேவியோவைச் சோதிக்கத் தன் இடத்தில் பணிப்பெண் ஆன்டனெட்டை அனுப்பியிருக்கிறாள். போலி நாயகன் போலி நாயகியைச் சந்திக்கிறான்! சிரித்து முடித்த பிறகு ஓர் அச்சம் மிஞ்சுகிறது. ஆசை யாரைத் தேடிப் போகிறது, ஆளையா, தன் கற்பனையையா?

மூன்றாம் பாகம் 1687இல் வந்தது. இது முழுக்கவே கதைசொல்லியின் கையில். உண்மையைச் சொன்னால் அரசியல் பக்கங்களில் கொஞ்சம் வேகம் குறைகிறது. சிசாரியோவின் கலகம், அவனைச் சுற்றிய மந்திரதந்திரங்கள், ஹெர்மியோனி என்பவள்மேல் அவனுக்கிருந்த பித்து எல்லாம் நீள்கின்றன. ஆனால் ஒக்டேவியோ துறவு பூணும் காட்சி வரும்போது எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். சில்வியாவின் துரோகம் தாங்காமல் அவன் மடத்தில் சேர்கிறான். கதைசொல்லி ‘நான்’ என்று வெளியே வந்து, தேவாலயத்தில் நானே இருந்தேன் என்று வருணிக்கிறாள். ஆடை, இசை, விளக்கு, அவன் முடி வெட்டப்படும் கணம், சுற்றி நிற்கும் பெண்களின் கண்ணீர். துறவுக் காட்சியே காதல் காட்சியாகிவிடுகிறது! அழகான ஓர் ஆண் தன் அழகைக் கழற்றிவைப்பதை ஒரு பெண் பார்வை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறது.

சில்வியாவோ அழுதுகொண்டு உட்காரவில்லை. முதல் பாகத்தில் நெஞ்சில் இருந்ததை எழுதியவள், மூன்றாம் பாகத்தில் எதிராளிக்கு எது வேண்டுமோ அதை எழுதுகிறாள். ஒக்டேவியோவின் பணம் கைக்கு வந்தபிறகு அலன்சோ என்ற அடுத்த இளைஞனை வளைக்கிறாள். நீதிபோதகர்கள் இதைப் பெண்ணின் வீழ்ச்சி என்றார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஃபிலாண்டர் அவளுக்குக் கற்றுக்கொடுத்த மொழியை அவள் அவனைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான். அவனுக்குக் கடைசியில் மன்னிப்பும் அரசவையில் இடமும் கிடைக்கின்றன. அவளுக்கு ஊர் ஊராக ஓட்டம். ஒரே காதல், இரண்டு கணக்கு. பென் அதை மறைக்கவே இல்லை.

நிஜத்திலும் அதேதான் நடந்தது. 1683இல் அரசரைக் கொல்லும் சதியில் கிரே பிடிபட்டார். கோபுரச் சிறைக்குக் கொண்டுபோன காவலர் தூங்கிப்போக, படகேறித் தப்பி, ஹென்றியட்டாவோடும் டர்னரோடும் கண்டத்துக்குப் போய்விட்டார். 1685இல் மன்மத் படையெடுத்து வந்தபோது குதிரைப்படைத் தலைவர் இவர்தான். ஜூலை 6 அன்று செட்ஜ்மூரில் படை சிதறியது. மன்மத்தின் தலை ஜூலை 15 அன்று வெட்டப்பட்டது. சாவதற்கு முன்னும் அவர் தம் காதலி ஹென்றியட்டா வென்ட்வொர்த்தைப் பற்றிப் பேசினார். கிரே நண்பர்களைக் காட்டிக்கொடுத்து மன்னிப்பு வாங்கினார். 1695இல் டாங்கர்வில் கோமகன் பட்டமும் பெற்றார்! நாவலாசிரியைகூடக் கூட்டிச் சொல்லத் தயங்கும் முடிவு இது.

மன்மத்தின் தலை விழுந்த பதினேழே நாளில், 1685 ஆகஸ்ட் 1 அன்று, ஆஃப்ரா பென் ஒரு கடன் சீட்டில் கையெழுத்திட்டார். தொகை 6 பவுன். திருப்பித் தராவிட்டால் என் அடுத்த நாடக வசூலில் பிடித்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொடுத்தார். பெரும் பிரபுக்களின் படுக்கையறைகளைத் திறந்து காட்டி ஊரையே கிறுகிறுக்கவைத்த கை, 6 பவுனுக்கு ஈடு கொடுத்து நிற்கிறது. ஹென்றியட்டாவைத் தேட அறிவித்த பரிசு 200 பவுன் என்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

அவர் எழுதும் விதத்தைப் பற்றி நண்பர் சார்லஸ் கில்டன் ஒரு தகவல் விட்டுச்சென்றிருக்கிறார். அறை நிறைய ஆட்கள் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பேச்சிலும் தாம் கலந்துகொண்டே எழுதுவாராம்! அவர் கடிதங்களில் இருக்கும் பேச்சுத் துடிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? சொந்த வாழ்விலும் அவருக்கு ஒரு தகிப்பு உண்டு. ஜான் ஹாய்ல் என்ற வழக்கறிஞர்மேல் அவர் காதல் கொண்டிருந்ததாக அவர் காலத்தவர்களே பேசினார்கள். பென் இறந்தபின் 1696இல் ‘ஒரு கனவானுக்குக் காதல் கடிதங்கள்’ என்று சில கடிதங்கள் அவர் பெயரில் வெளிவந்தன. பிடிகொடுக்காத ஒருவனிடம் தன்மானத்தையும் ஆசையையும் ஒரே தராசில் வைத்து வாதாடும் கடிதங்கள். சில்வியாவின் குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அவை அந்நியமாகத் தோன்றாது.

1688இல் ‘ஒரூனோக்கோ’ வந்தது. இன்றைக்குக் கல்லூரிகளில் பாடமாக இருப்பது பெரும்பாலும் அதுதான். 1689 ஏப்ரல் 16 அன்று அவர் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கிழக்குத் தாழ்வாரத்தில் அவரைப் புதைத்தார்கள். பின்வந்த நூற்றாண்டுகளில் ஒழுக்கக்காரர்கள் அவர் பெயரை உச்சரிக்கவே கூச்சப்பட்டார்கள். ஆண்கள் இதைவிடப் பச்சையாக எழுதினார்கள், அவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது. 1977இல் மொரீன் டஃபி எழுதிய வரலாறும், 1990களில் ஜேனட் டாட் தொகுத்த முழுப் படைப்புகளும் அவரை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பெரிதும் உதவின.

என் கணிப்பு இதுதான்: காமத்தை ஒரு பெண்ணின் உள்ளிருந்து பேசவைத்த முதல் பெரிய ஆங்கில நாவல் ‘காதல் கடிதங்கள்’. ‘ஒரூனோக்கோ’வுக்குக் கொடுக்கும் இடத்தை இதற்கும் கொடுத்தாக வேண்டும். மூன்று பாகங்களும் பதிப்புரிமை இல்லாமல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் பழையது, ஆனாலும் முதல் பாகத்தை எடுத்துப் படியுங்கள், அந்தச் சூடு உங்களை இழுத்துக்கொண்டு போகும். மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பாகத்தையாவது தமிழுக்குக் கொண்டுவாருங்கள். கொண்டுவரும்போது தயவுசெய்து சில்வியாவின் ஆசையைக் குறைத்து எழுதாதீர்கள்.